வாசகர் கேள்வி – பதில்: கத்தலோனியாவின் திராட்சை நாட்டில் குடும்பத்தோடு

ஸ்பெயினின் வடகிழக்கில் இருக்கிறது கத்தலோனியா. பார்சலோனாவுக்குத் தென்மேற்கே பெனெதேஸ், இன்னும் கீழே மலைக்குள் பிரியோராத் என்று அதன் ஒயின் ஊர்கள் பரந்து கிடக்கின்றன. பெனெதேஸில் உள்ள விலாஃப்ராங்கா ஊர்ப் பக்கம் வீடு எடுத்துத் தங்கப் போகிறவர்கள், அங்கிருந்து பகலில் எங்கே போய் வரலாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். மொரீஷியஸ் கடிதங்கள்தான் அதிகம். ரெயூனியோனிலிருந்தும் டர்பனிலிருந்தும் ஒவ்வொன்று வந்திருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் பத்து நாள் விலாஃப்ராங்கா அருகே தங்கப் போகிறோம். பணம் கட்டிய பிறகுதான் புரட்டாசி குறுக்கே வருவது உறைத்தது. ஆறு பேரில் நாலு பேர் விரதம். ஒயின் ஊரில் நாங்கள் என்ன செய்வது? – வாசகி, ரோஸ்ஹில்

அம்மா, நீங்கள் போகும் நேரம் அங்கே திராட்சை அறுவடை. நம் ஊரில் கரும்பு வெட்டு நடக்கும் அதே மாதங்களில்தான் அங்கே பழம் இறங்குகிறது. காவா என்னும் நுரை ஒயினுக்கான வெள்ளைத் திராட்சையை ஆகஸ்ட் நடுவிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். உயரமான இடங்களில் விளையும் பரெல்யாதா என்ற வகை கடைசியாக வரும். வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகத் தாமதித்தால் சர்க்கரை குறைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். திராட்சைக்கும் அதே அவசரம் உண்டு. வெயிலில் நசுங்கிய பழம் வண்டியிலேயே புளிக்க ஆரம்பிக்கும். அதனால் குளிர்ச்சி இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். செப்டம்பர் கடைசியில் பொழுது விடியவே ஏழரை மணி ஆகும். எட்டு மணிக்குத் தோட்டத்தோரப் பாதையில் நடந்தால் பறிப்பும் பார்க்கலாம், பெட்டி பெட்டியாக வண்டி ஏற்றுவதும் பார்க்கலாம். பதினொரு மணிக்குப் போனால் வெறும் கொடிதான் நிற்கும்.

அப்படி நடக்கும்போது ஒரு கொடியின் அடியைக் குனிந்து பாருங்கள். மண்ணுக்குச் சற்று மேலே ஒரு தடிப்பு இருக்கும், மடித்த முழங்கை மாதிரி. அதுதான் ஒட்டுப் போட்ட இடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அந்தப் பகுதியின் கொடிகளையெல்லாம் அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டித்தான் மீண்டார்கள். நம் வீட்டு ஒட்டு மாமரம் போலத்தான்: மேலே ஒரு சாதி, கீழே ஒரு சாதி. பழத்தை மட்டும் பறித்து வாயில் போடாதீர்கள். அது இன்னொருவர் விளைச்சல். இலையில் நீலமாகப் படிந்திருந்தால் அது மயில்துத்தம் கலந்த மருந்து. இயற்கை விவசாயத் தோட்டத்திலும் அதை அடிப்பார்கள்.

குடிக்காதவர்களும் நிலவறைக்குத் தாராளமாகப் போகலாம். சான்ட் சதுர்னி தனோயா என்ற ஊரில் 1872-இல் ஜோசெப் ரவெந்தோஸ் முதல் காவாவைச் செய்த கொதோர்னியூ ஆலை இருக்கிறது. 1895-க்கும் 1915-க்கும் இடையில் ஜோசெப் புச் இ கதஃபால்க் என்ற கட்டடக் கலைஞர் கட்டிக் கொடுத்த செங்கல் வளைவுகளைப் பார்ப்பதற்கே ஒரு காலைப் பொழுதைக் கொடுக்கலாம். நிலவறைக்குள் சின்ன ரயிலில் சுற்றிக் காட்டுகிறார்கள். உள்ளே எப்போதும் குளிர், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போதே ஒயின் அருந்தாதவர் எத்தனை பேர் என்று எழுதிவிட்டால், பல ஆலைகளில் புளிக்காத திராட்சைச் சாறு வைத்திருப்பார்கள். அதற்கு அங்கே 'மொஸ்த்' என்று பெயர்.

சாப்பாட்டில்தான் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித்தொடை உப்புக்கண்டமும் டுனா மீனும் 'கறி' கணக்கில் வராது என்று நினைக்கிற சமையல்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்படிப் பிரித்துச் சொல்லுங்கள்: சென்ஸெ கார்ன் (கறி இல்லாமல்), சென்ஸெ பெர்னில் (உப்புக்கண்டம் இல்லாமல்), சென்ஸெ பெஷ் (மீன் இல்லாமல்), சென்ஸெ ஓவ்ஸ் (முட்டை இல்லாமல்). நம்பிக் கேட்கக்கூடியவை சில உண்டு. பாம் துமாக்கெத் என்பது ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து எண்ணெயும் உப்பும் விட்டது. எஸ்கலிவாதா என்பது தணலில் சுட்ட கத்தரிக்காய், குடமிளகாய், வெங்காயம். அதன் மேல் நெத்திலி வைத்துவிடுவதும் உண்டு, முன்பே சொல்லிவிடுங்கள். உலர்திராட்சையும் பைன் பருப்பும் போட்ட கீரை வதக்கல் நம் வாய்க்குப் பிடிக்கும். அதிலும் உப்புக்கண்டத் துண்டு ஒளிந்திருக்கலாம். வெள்ளை மொச்சை மாதிரி இருக்கும் மொன்ஜெத்தெஸ் பன்றிக் கொழுப்பில் வதக்கியதாக இருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள். இனிப்புக்கு மெல் இ மத்தோ: பனீர் போன்ற உப்பில்லாத பச்சைப் பாற்கட்டியின் மேல் தேன் ஊற்றித் தருவார்கள்.

விரதம் இல்லாதவர்கள் மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பதானால் 'வெதேல்யா' என்ற சொல்லை மெனுவில் தேடுங்கள். ஃப்ரிகந்தோ முழுக்க மாட்டிறைச்சி. கனெலோன்ஸிலும் உருண்டைக் குழம்பிலும் கலந்திருக்கும்.

சமையலறை உள்ள வீடுதானே எடுத்திருக்கிறீர்கள்? மசாலாப் பொடிகளைக் கொண்டு போங்கள். நெய், பால் பொருள், பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரத் தடை. பச்சை இலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். அரிசியும் கொண்டைக்கடலையும் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

எங்களிடம் கார் இருக்காது. ஒரு நாளில் எத்தனை ஒயின் ஆலை பார்க்கலாம்? – வாசகர், க்யூர்பிப்

ஒன்று. அதுவும் காலையில். இரண்டாவது ஆலையில் முதலில் கேட்ட விளக்கத்தையே திரும்பக் கேட்பீர்கள், நாக்கும் சோர்ந்துவிடும்.

பார்சலோனாவிலிருந்து வரும் ஆர்4 உள்ளூர் ரயில் சான்ட் சதுர்னியிலும் விலாஃப்ராங்காவிலும் நிற்கிறது. நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஃப்ரெஷெனெத் ஆலை சான்ட் சதுர்னி ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. கொதோர்னியூ ஊருக்கு வெளியே. நடக்கலாம், ஆனால் நிழல் குறைவு. வேலைநிறுத்தம், தண்டவாளப் பணி என்று இந்த ரயில்கள் தடைபடுவது சகஜம், சில நாட்களில் பாதி வழி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பதிவு செய்த நேரத்துக்கு ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புங்கள்.

நம் ஆட்கள் அங்கே இடறி விழுவது கடிகாரத்தில்தான். கோடையில் அவர்கள் நேரம் நமக்கு இரண்டு மணி பின்னால், குளிர்காலத்தில் மூன்று மணி. நம் வயிற்றுக்குப் பன்னிரண்டு ஆகும்போது அங்கே பத்துதான். அவர்களோ மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்குத்தான் ஆரம்பிப்பார்கள், இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பதுக்கு. சின்னக் கடைகள் இரண்டிலிருந்து ஐந்து வரை மூடியிருக்கும். ஞாயிறு பிற்பகலில் பெரும்பாலான ஆலைகளும், திங்களன்று பல அருங்காட்சியகங்களும் திறக்காது. எனவே பத்தரைக்கு ரொட்டியும் காப்பியும், பதினொன்றரைக்கு ஆலை, இரண்டு மணிக்குச் சாப்பாடு என்று வையுங்கள். வேலை நாட்களில் 'மெனு தெல் தியா' என்று கேட்டால் இரண்டு பதார்த்தமும் இனிப்பும் சேர்ந்த மலிவான மதியச் சாப்பாடு வரும்.

விலாஃப்ராங்காவில் சனிக்கிழமை சந்தை, வின்சேயும் என்ற ஒயின் அருங்காட்சியகம். இரண்டும் ஒரே காலையில் முடியும்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. மொன்செராத் மலைக் கோயிலுக்குக் கூட்டிப் போக ஆசை. விலாஃப்ராங்காவிலிருந்து பார்சலோனா போய்த்தான் போக வேண்டுமா? – வாசகி, கத்ர் போர்ன்

வேண்டாம். பலரும் இங்கேதான் ஒரு காலை முழுவதையும் தொலைக்கிறார்கள். ஆர்4 ரயிலில் பார்சலோனா திசையில் ஏறி மார்தொரேல் சென்ட்ரலில் இறங்குங்கள். அதே இடத்தில் எஃப்.ஜி.சி. என்ற வேறு ரயில் நிறுவனத்தின் ஆர்5 வண்டி நிற்கும், அது மொன்செராத் அடிவாரத்துக்குப் போகிறது. டிக்கெட்டும் மேடையும் தனி.

அடிவாரத்திலிருந்து மேலே போக இரண்டு வழி. ஏரி தெ மொன்செராத் ஸ்டேஷனில் இறங்கினால் 1930-இலிருந்து ஓடும் ரோப் கார், ஐந்து நிமிடத்தில் மேலே. அடுத்த ஸ்டேஷனான மொனிஸ்த்ரோலில் இறங்கினால் பல்சக்கர ரயில். இரண்டின் டிக்கெட்டும் ஒன்றுக்கொன்று செல்லாது. எதை வாங்கினோம் என்று பார்த்து அந்த ஸ்டேஷனில் இறங்குங்கள். அம்மாவுக்குப் பல்சக்கர ரயிலே நல்லது. உட்கார்ந்தே போகலாம், ரோப் காரில் நிற்க வேண்டும். காரில் போனால் மொனிஸ்த்ரோல் விலா நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு அதே ரயிலைப் பிடிக்கலாம்.

மடம் ஏறக்குறைய 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லா மொரெனேத்தா என்று அவர்கள் அழைக்கும் கருநிற மாதா சிலை பீடத்துக்கு மேலே, படிகள் ஏறித்தான் அருகில் போக முடியும். கோர் தெ கார்த் மலைக்கோயில் படியில் உங்கள் அம்மா எப்படி ஏறுகிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். முடியாவிட்டால் கோயிலுக்குள் கீழே உட்கார்ந்தே சிலையைப் பார்க்கலாம். நம் ஊர்ப் பாதிரியார் பேர் லவால் கல்லறைக்கு எல்லா மதத்தாரும் செப்டம்பரில் நடந்து போகிறோமே, அந்த மனநிலையோடு வருகிற கூட்டம்தான் அங்கேயும். எஸ்கொலானியா என்னும் சிறுவர் பாடகர் குழு பாடும் நாள், நேரத்தை மடத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் பாட மாட்டார்கள். செப்டம்பர் 11 கத்தலோனியாவின் தேசிய நாள், அன்று கூட்டம் தாங்காது.

எங்கள் தீவின் சிலாவோ ஒயினைத் தெரிந்தவன் நான். பிரியோராத் பற்றிக் கேள்விப்பட்டேன். ஒரே நாளில் போய் வர முடியுமா? – வாசகர், சான் லூயி, ரெயூனியோன்

முடியும், ஐயா. சிலாவோவுக்கு நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகளில் ஏறிப் பழகிய உங்களுக்குப் பிரியோராத் சாலை பயம் தராது. விலாஃப்ராங்காவிலிருந்து பிரியோராத்தின் ஃபல்செத் ஊர் வரை சுமார் நூறு கிலோமீட்டர். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் நேரம் பிடிக்கும். ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள்.

ஃபல்செத்தில் முதலில் கூட்டுறவு ஒயின் ஆலையின் கட்டடத்தைப் பாருங்கள். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கௌதியிடம் கற்ற செசார் மர்தினேல் 1919-இல் கட்டியது. அந்தக் காலத்துச் சிறு விவசாயிகள் பங்கு போட்டுக் கட்டிய இப்படிப்பட்ட ஆலைகளை 'ஒயின் தேவாலயங்கள்' என்று அழைக்கிறார்கள். உள்ளே நின்றால் ஏனென்று புரியும். பெட்ரோல் அங்கேயே போட்டுக்கொண்டு கிராதாலொப்ஸ் ஊருக்குப் போய் முன்பதிவு செய்த ஆலையைப் பாருங்கள். அங்கே நிலத்தைத் தொட்டுப் பார்க்காமல் வராதீர்கள். கையில் எடுத்தால் ஓடு ஓடாக உடையும் கருஞ்சாம்பல் பலகைக்கல், லிகொரேலியா என்பார்கள். தண்ணீர் மேலே தங்காது. கொடியின் வேர் கல்லிடுக்கில் ஆழம் தேடி இறங்கும், குலை சிறிதாகக் காய்க்கும். அதனால்தான் அந்தச் சிவப்பு ஒயினுக்கு அவ்வளவு அடர்த்தி, விலையும் கூட. 14, 15 சதவீத ஆல்கஹால் அங்கே சாதாரணம். ஸ்பெயினில் ரியோஹா, பிரியோராத் என்ற இரண்டு ஒயின் பகுதிகளுக்குத்தான் மிக உயர்ந்த தகுதி கொடுத்திருக்கிறார்கள்.

சாப்பிட்ட பிறகு எஸ்கலாதேய் மடத்தின் இடிபாடுகள். கார்த்தூசியர் என்ற கிறித்தவத் துறவிகள் 1194-இல் தொடங்கிய மடம். 1835-இல் துறவிகள் வெளியேற்றப்பட்டபின் சிதைந்தது. பிரியோராத் என்ற பெயரே அந்த மடத்தின் தலைவர் பதவியான 'பிரியோர்' என்பதிலிருந்து வந்ததுதான். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். மனம் இருந்தால் பாறை நுனியில் தொங்கும் சியுரானா ஊருக்கும் ஏறலாம். ஓட்டுநர் தவிர மற்றவர்களுக்குத் தலைசுற்றல் மாத்திரை எடுத்து வையுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால் போப்லெத் மடத்துக்கும் மதில் சூழ்ந்த மொன்ப்ளாங்க் ஊருக்கும் கொடுங்கள். போப்லெத் 1991-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, துறவிகள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். ஆகவே தோளை மூடிய உடை, தாழ்ந்த குரல்.

வாடகைக் கார் ஓட்ட என்ன கவனிக்க வேண்டும்? – வாசகர், த்ரியோலே

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அங்கே வலப்பக்கம். நேர்ச்சாலையில் தவறு வராது. காலியான கிராமச் சாலையில் திரும்பும்போதும், பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போதும்தான் கை பழைய பக்கம் இழுக்கும். ரவுண்டானாவைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், இடப்பக்கத்திலிருந்து ஏற்கெனவே சுற்றி வருபவருக்கே முதலிடம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் 'வலப்பக்கம்' என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லட்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே கார் எடுக்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் பதிவிலேயே கேளுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கையில் இருக்கட்டும். 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகள் பின் இருக்கையில், தங்கள் உயரத்துக்கேற்ற இருக்கையில்தான் உட்கார வேண்டும். ஏபி-7, ஏபி-2 நெடுஞ்சாலைகளில் 2021 செப்டம்பரிலிருந்து சுங்கம் இல்லை. சிட்ஜஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போகும் சி-32-இல் மட்டும் உண்டு. அதைத் தவிர்க்கக் கடலோரப் பழைய சி-31-ஐப் பிடித்தால் வளைவுக்கு மேல் வளைவு. அறுவடைக் காலத்தில் சின்னச் சாலைகளில் டிராக்டர் பின்னால் பொறுமையாகப் போங்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பையைக் காரில் தெரியும்படி வைக்காதீர்கள். 'டயர் பஞ்சர்' என்று யாராவது கைகாட்டினால் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குங்கள், கவனத்தைத் திருப்பிப் பையை எடுக்கும் வேலை அது.

ஓட்டுநர் ருசி பார்த்துத் துப்பலாம். அதற்கென்றே கிண்ணம் வைத்திருப்பார்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது. ஆனால் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். அன்றைக்கு ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பதே நாம் சொல்லும் வழி.

பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? மனிதக் கோபுரம் என்கிறார்களே, பயமில்லாமல் பார்க்கலாமா? – வாசகி, போர்ட் லூயி

கட்டாயம் பாருங்கள். காஸ்தெல்ஸ் என்ற இந்தக் கலை 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. விலாஃப்ராங்காவில் ஆகஸ்ட் 30, புனித ஃபெலிக்ஸ் திருநாள். தெற்கே கடலோர நகரமான தரகோனாவில் செப்டம்பர் 23-ஐ ஒட்டிய புனித தெக்லா விழா. இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் தொடக்கத்தில் தரகோனாவில் பெரிய போட்டியும் உண்டு.

அடியில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நிற்கும் வட்டம் பின்யா. மேலிருந்து விழுபவரைத் தாங்குவதும் அதுதான். அதற்குள் நிற்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. கிரால்யா என்ற குழலும் சிறு மத்தளமும் வாசிக்கும் மெட்டிலிருந்தே கோபுரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிந்துகொள்கிறார்கள். கிரால்யாவும் நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளி வைத்த கருவிதான்; காதில் விழுந்ததும் உங்களுக்குச் சொந்தம் போலத் தோன்றும். ஏறுபவர் இடுப்பில் சுற்றியிருக்கும் ஃபாஷா என்ற நீளக் கறுப்புத் துணியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒருவர் நுனியை இழுத்துப் பிடிக்க, மற்றவர் சுழன்று சுழன்று இறுக்கமாகச் சுற்றிக்கொள்வார். முதுகுக்குப் பிடிமானம் அது, மேலே ஏறுபவருக்குக் கால் வைக்கும் படியும் அதுவே. உச்சிக்கு ஏறும் குழந்தை, என்ஷனேத்தா, தலைக்கவசத்தோடு ஏறிக் கையைத் தூக்கியதும் கோபுரம் முடிந்தது என்று கணக்கு. விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஆகவே கை தூக்கியதும் பேசத் தொடங்காதீர்கள், கடைசி ஆள் இறங்கும் வரை அமைதி. பின்யாவிலிருந்து தள்ளி, சதுக்கத்தின் ஓரத்தில் நில்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தண்ணீரும் தொப்பியும் வேண்டும்.

மற்ற நாட்களுக்கு: விலாஃப்ராங்கா அருகே ஓலெர்தொலா மலையில் பாறையில் மனித உருவாகவே வெட்டிய இடைக்காலக் கல்லறைகள், தரகோனாவில் கடலைப் பார்த்த ரோமானிய அரங்கு, நகருக்கு வெளியே 217 மீட்டர் நீள நீர்வழிப் பாலம். ஜூலையில் இவை எல்லாவற்றையும் காலை பதினொன்றுக்குள் முடித்துவிட்டுச் சிட்ஜஸ் கடலில் இறங்கிவிடுங்கள்.

டிசம்பர் விடுமுறையில்தான் எங்களால் முடியும். விசாவும் வேண்டும். போவது வீணா? – வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

வீண் இல்லை, வேறு மாதிரி இருக்கும். கொடிகள் மொட்டையாக நிற்கும், மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும், மனிதக் கோபுரப் பருவம் முடிந்திருக்கும். அந்த நாட்களில் ஒயினைவிட எண்ணெய்தான் பார்க்க வேண்டியது: ஆர்பெகினா என்ற சிறு ஒலிவக்காய் நவம்பர், டிசம்பரில் ஆலைக்கு வரும். அப்போது பிழிந்த எண்ணெய் பச்சையாக, தொண்டையில் லேசாகக் காறும். ஜனவரி வரை தங்க முடிந்தால் கல்சோத்ஸ் சாப்பிடலாம். மண் அணைத்து வளர்த்த நீள வெங்காயத்தைக் கவாத்து செய்த திராட்சைக் கொம்புத் தீயில் கருக்கி, செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். கேப் பக்கம் பிராய் என்ற தணல் சமையலுக்குத் திராட்சைக் கொம்பு எரிப்பார்களே, அதே வாசம். வெங்காயத்தின் பச்சை இலையைப் பிடித்துக்கொண்டு கருகிய தோலை ஒரே இழுப்பில் உருவி, பாதாம்-மிளகாய்ச் சாந்தில் தோய்த்து, தலையைப் பின்னால் சாய்த்து வாயில் விட வேண்டும். வால்ஸ் ஊரில் ஜனவரி கடைசி ஞாயிறு இதற்கான திருவிழா.

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குள் வந்து நிற்காதீர்கள். பாரிஸில் இறங்கினாலும் அதிக நாள் தங்குவது ஸ்பெயின் என்றால் ஸ்பெயினிடமே கேட்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். மொரீஷியஸ்காரர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் படமும் எடுக்கும் முறை வந்திருக்கிறது, விமானம் மாறும் இடைவெளியைத் தாராளமாக வையுங்கள்.

எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்? விமானத்தில் காவா வெடித்துவிடுமா? – வாசகர், போ பாசன்

மொரீஷியஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் வயதுவந்த ஒருவருக்குத் தீர்வை இல்லாமல் இரண்டு லிட்டர் ஒயின். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. காவா பாட்டிலுக்குள் ஆறு வளிமண்டல அழுத்தம் வரை இருக்கும், அதற்கென்றே கண்ணாடி தடிமனாகச் செய்வார்கள். சாமான் அறையிலும் காற்றழுத்தம் காக்கப்படுவதால் வெடிப்பதில்லை; உடைவது பெட்டி விழும்போது பாட்டிலும் பாட்டிலும் மோதித்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

எதை வாங்குவது? லேபிளில் 'ப்ரூட் நாதுரே' என்றால் லிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைந்த சர்க்கரை. 'செமி-செக்' என்றால் 32 முதல் 50. முதன்முதல் குடிப்பவருக்கு முன்னது புளிப்பாகப் படும். 'ரெசெர்வா' 18 மாதம், 'கிரான் ரெசெர்வா' 30 மாதம் பாட்டிலில் ஈஸ்டோடு கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் அசைக்காமல் வைத்து, மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் குளிரவிட்டுத் திறங்கள். கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். கார்க்கைத் திருகினால் அது முறியும்.